ஜாக்கியின் தவறை எந்தக் கோலால் அளப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: குதிரைப் பந்தயத்தில் தவறு செய்யும் ஜாக்கியை, அதாவது குதிரை ஓட்டுகிறவரை, எடைபோடும் முறை நியாயமானதா? ஒருவருக்கு 15 நாள் தடையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இன்னொருவருக்கு அதே மாதிரி ஒரு தவறால் பிழைப்பே போய்விடுகிறது. இது என்ன கணக்கு?

என்னைக் கேட்டால், ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய நடுவர்கள், பெரும்பாலும் ஓரளவுக்கு நியாயமாகவே நடந்துகொள்கிறார்கள். குதிரைக்காரரும் (குதிரையின் சொந்தக்காரர்), ட்ரெய்னரும் (அதைப் பழக்குகிறவர்), பணம் கட்டிய நாமும்தான் அநியாயம் பண்ணுகிறோம். ஸ்டூவர்டு ஜாக்கி செய்ததைப் பார்க்கிறார். மற்றவர்கள் குதிரை எத்தனையாவதாக வந்தது என்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போய் ஜாக்கி செய்ததற்குப் பெயர் வைக்கிறார்கள்.

கிண்டி ரேஸ் கோர்ஸ் கேலரியில் ஒரு பிற்பகல் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை, தோற்ற அடுத்த நொடியே நாலு பக்கமும் ஒரே குரல்: "புடிச்சிட்டான்யா!" கடிவாளத்தை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகும்வரை அதே பேச்சு. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யக் கொண்டுவந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வழக்கில், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, திறமை விளையாட்டு என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் திறமையில் ஜாக்கியின் திறமையும் சேர்த்திதான். திறமை என்று ஒன்று இருந்தால் பிசகு என்று ஒன்றும் இருக்கத்தானே செய்யும்? கேலரியின் அகராதியில் அந்த நடுச்சொல்லே கிடையாது. ஜெயித்தால் குதிரை நல்ல குதிரை, தோற்றால் ஜாக்கி திருடன்.

சரி, பிசகுகளுக்கே வருவோம். எல்லாப் பிசகும் ஒரே ஜாதி இல்லை. மறுபேச்சுக்கே இடமில்லாத ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1957ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பி. கேலன்ட் மேன் என்ற குதிரையில் பில் ஷூமேக்கர். அப்போதே அமெரிக்காவின் முதல் வரிசை ஜாக்கி அவர். கடைசி நேரான பாதையில் அயர்ன் லீஜ் என்ற குதிரையோடு தலைக்குத் தலை வந்துகொண்டிருந்தார். வெற்றிக் கம்பத்துக்கு சுமார் 100 மீட்டர் முன்னால் இன்னொரு தூரக் கம்பம் இருக்கிறது. அதையே முடிவு என்று நினைத்து, அங்கவடியில் ஒரு கணம் எழுந்து நின்றுவிட்டார். உடனே சுதாரித்து உட்கார்ந்து மறுபடியும் விரட்டினார். ஆனாலும் மூக்கு நுனி வித்தியாசத்தில் தோல்வி. இதில் ஒரு விசித்திரம் உண்டு. குதிரையின் சொந்தக்காரர் ரால்ஃப் லோ, தன் ஜாக்கி முடிவுக்கு முன்பே எழுந்து நின்று தோற்பதாகக் கனவு கண்டதாகப் பந்தயத்துக்கு முன்பே ஷூமேக்கரிடம் சொல்லியிருந்தார். நம்ம ஊராக இருந்தால் சகுனம், தோஷம் என்று எதையெதையோ பேசியிருப்பார்கள்.

ஸ்டூவர்டுகள் 15 நாள் தடை போட்டார்கள். ஷூமேக்கர் தவறை ஒப்புக்கொண்டார். லோவும் ட்ரெய்னர் ஜான் நெரூடும் அவரை விலக்கவில்லை. அடுத்த மாதமே பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் அதே குதிரையில் அவரையே ஏற்றினார்கள். 8 லெங்த், அதாவது 8 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த நேரச் சாதனையை முறியடிக்க 1973இல் செக்ரட்டேரியட் வர வேண்டியிருந்தது. ஒரு தவறு, ஒரு தண்டனை, அப்புறம் வேலை. நியாயம் என்று நான் நினைப்பது கிட்டத்தட்ட இந்த வடிவம்தான்.

22 வருடம் தள்ளி வாருங்கள், அதே பெல்மாண்ட், 1979. ஸ்பெக்டாகுலர் பிட் என்ற குதிரை தொடர்ந்து 12 பந்தயம் ஜெயித்து, டெர்பியையும் ப்ரீக்னஸையும் வாங்கிவிட்டு, இந்த மூன்றும் சேர்ந்த ட்ரிபிள் கிரவுனின் மூன்றாவது பந்தயத்துக்கு வந்து நிற்கிறது. மேலே ரான் ஃபிராங்க்ளின், வயது 19. பந்தயத்தில் குதிரை ஏறத் தொடங்கியே ஒன்றரை வருடம் ஆகவில்லை. 85க்கு 1 என்ற விலையில் (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் 85 ரூபாய் லாபம்) இருந்த கேலன்ட் பெஸ்ட் என்ற குதிரை ஆரம்பத்திலேயே முன்னால் பாய்ந்தது. அது எப்படியும் தானாக ஓய்ந்துவிடும் குதிரை. ஃபிராங்க்ளின் அதைத் துரத்திப் போனார், சீக்கிரமே முன்னிலையும் எடுத்துவிட்டார். ஒன்றரை மைல் பந்தயத்தில் அந்தச் செலவு கடைசியில் வட்டியோடு வந்தது. பிட் மூன்றாவதாக முடித்தது. கோஸ்டல் ஜெயித்தது.

அந்தப் பந்தயத்தோடு ஃபிராங்க்ளின் அந்தக் குதிரையிலிருந்து இறக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக ஏறியவர் யார் தெரியுமா? பில் ஷூமேக்கர். அதற்கப்புறம் 13 பந்தயங்களில் 12 வெற்றி.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷூமேக்கர் செய்தது எந்த விவாதத்துக்கும் இடமில்லாத தவறு. பாதையில் முடிவு எங்கே இருக்கிறது என்பது ஜாக்கிக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். ஃபிராங்க்ளின் செய்தது வேகக் கணக்கில் ஒரு தப்பான முடிவு. அதிலும் சந்தேகத்துக்கு இடமுண்டு. பந்தயத்தன்று காலையில் குதிரையின் குளம்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்ததாக ட்ரெய்னர் பட் டெல்ப் பிறகு சொன்னார். அது உண்மையா, எந்த அளவுக்குப் பாதித்தது என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய தவறைச் செய்தவருக்குக் குதிரை திரும்பக் கிடைத்தது. சின்னத் தவறைச் செய்தவரிடமிருந்து குதிரை பறிபோனது, அதுவும் பெரிய தவறைச் செய்தவர் கைக்கே போனது.

குதிரைக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவருடைய பணம், அவருடைய குதிரை. யாரை ஏற்றுவது என்பது அவர் உரிமை. ஷூமேக்கர் கிடைக்கிறார் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வணிகமாகப் பார்த்தால் சரியான முடிவுதான், அந்த 12 வெற்றியே சாட்சி. நான் சொல்ல வருவது வேறு. ஷூமேக்கர் எழுந்து நின்றபோது "மனுஷன்தானே, யாருக்கும் வரும்" என்றார்கள். ஃபிராங்க்ளின் துரத்திப் போனபோது "பையனுக்கு அனுபவம் போதாது" என்றார்கள். பெயர் இருப்பவனுக்கு அது ஒரு சம்பவம், பெயர் இல்லாதவனுக்கு அதுவே குணம். பந்தய உலகில் எந்த விதிப்புத்தகத்தாலும் சரிசெய்ய முடியாத அநியாயம் இது. ஜாக்கிக்கு மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த குதிரையை யாராவது கொடுத்தால்தான் காசு. ஸ்டூவர்டு கொடுத்த தடை முடிகிற தேதி காகிதத்தில் இருக்கும். ட்ரெய்னர்கள் சொல்லாமல் கொடுக்கும் தடைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

இதற்கு எதிர் உதாரணமும் இல்லாமல் இல்லை. 2005 டிசம்பரில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில் ரோஜர் லாக்ரன் என்ற ஜாக்கி, அப்போதுதான் தொழில்முறைக்கு மாறியவர், சென்ட்ரல் ஹவுஸ் என்ற குதிரையில் வேலி தாண்டும் பந்தயத்தில் கடைசி வேலியைத் தாண்டி முன்னால் வந்துகொண்டிருந்தார். வெற்றிக் கம்பம் வருவதற்கு முன்பே எழுந்து சாட்டையை ஆட்டிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். இரண்டு குதிரை அவரைத் தாண்டிப் போயின. 14 நாள் தடை. ட்ரெய்னர் டெஸ்ஸி ஹியூஸ் அந்தப் பையனைக் கைவிடவில்லை. ஆக, பெயர் இல்லாவிட்டாலும் தோள் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் தப்பிக்கலாம். அந்த ஒரு ஆள் இருப்பதும் இல்லாததும் அவரவர் அதிர்ஷ்டம்.

இப்போது விவகாரம் பிடித்த வகைக்கு வருகிறேன்: ஒரு குதிரை இன்னொரு குதிரையின் வழியில் குறுக்கே போவது.

கடைசித் திருப்பத்தில் குதிரைகள் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன, அதாவது நொடிக்கு 16, 17 மீட்டர். ஒரு குதிரையின் நீளம் சுமார் இரண்டரை மீட்டர். முன்னால் போகும் குதிரை பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால் பின்னால் வருகிறவனுக்கு ஏறக்குறைய இரண்டு குதிரை நீளம் இடம் விட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த இரண்டு நீளத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதன் ஒன்றைப் பார்த்து, கை அசைவதற்கே கால் நொடி ஆகிவிடும். அந்தக் கை பிடித்திருப்பது 450, 500 கிலோ எடையுள்ள, தனக்கென்று ஒரு புத்தி உள்ள மிருகத்தை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் "ஏன் அவன் நேராக ஓட்டவில்லை?" என்று கேட்க வேண்டும்.

கேமராவும் ஏமாற்றும். பார்வையாளர் மாடத்திலிருந்து பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் குதிரைகளுக்கு இடையே முன்பின் இடைவெளி தெளிவாகத் தெரியும், ஆனால் யார் யாருடைய தடத்துக்குள் நுழைந்தார் என்பது தெரியாது. எதிரிலிருந்து எடுக்கும் படத்தில் பக்கவாட்டு நகர்வு அப்பட்டமாகத் தெரியும், ஆனால் முன்பின் இடைவெளி நசுங்கிப்போகும். இரண்டு நீளம் பின்னால் வரும் குதிரை முன்குதிரையின் வாலைக் கடிப்பதுபோல் இருக்கும். டிவியில் எதிர்க்கோணத்தை மட்டும் மூன்று தடவை மெதுவாக ஓட்டினால் எந்த ஜாக்கியும் கொலைகாரனாகத்தான் தெரிவான். அதனால்தான் ஸ்டூவர்டுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

2019 மே 4, கென்டக்கி டெர்பி. சேறும் சகதியுமான பாதை, 19 குதிரைகள். மேக்ஸிமம் செக்யூரிட்டி முன்னால் போகிறது, மேலே லூயிஸ் சாயெஸ். கடைசித் திருப்பத்தில் அது திடீரென்று வெளிப்பக்கம் நகர்ந்தது. பின்னால் நெருங்கி வந்த வார் ஆஃப் வில் குதிரையின் முன்கால்கள் இதன் பின்கால்களுக்கு இடையே சிக்கிவிடும் அளவுக்கு வந்தன. அங்கே ஒரு குதிரை விழுந்திருந்தால் பின்னால் வந்த ஏழெட்டுக் குதிரைகள் அதன்மேல் விழுந்திருக்கும். எப்படியோ யாரும் விழவில்லை. மேக்ஸிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது. இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸின் ஜாக்கி ஃப்ளேவியன் ப்ராவும், லாங் ரேஞ்ச் டாடியின் ஜாக்கி ஜான் கோர்ட்டும் ஆட்சேபம் எழுப்பினார்கள். சுமார் 22 நிமிடம் காத்திருப்பு. பிறகு முதலாவது குதிரை 17ஆம் இடத்துக்கு இறக்கப்பட்டது, 65க்கு 1 விலையில் இருந்த கன்ட்ரி ஹவுஸ் வெற்றியாளர். அந்தப் பந்தய வரலாற்றில் ஓட்டத்தின்போது நடந்த குறுக்கீட்டுக்காக முதலில் வந்த குதிரை இறக்கப்பட்டது அதுவே முதல் தடவை. சாயெஸுக்கு 15 நாள் தடை.

கூட்டத்தின் இரைச்சலில் குதிரை மிரண்டு விலகியது, அது இன்னும் குழந்தை என்பது சாயெஸ் சொன்ன விளக்கம். மிரண்டிருக்கலாம். மூன்று வயதுக் குதிரை, லட்சத்துக்கு மேல் ஜனம். ஆனால் இங்கே இரண்டு கேள்வியைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குதிரை மற்றவர்களின் வழியை மறித்ததா என்பது ஒன்று. அதற்கு ஜாக்கி பொறுப்பா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஜாக்கியின் எண்ணம் தேவையே இல்லை. மறித்தது மறித்ததுதான், இடத்தைக் குறைக்கலாம். இரண்டாவது கேள்விக்கு அவன் என்ன செய்திருக்க முடியும், செய்தானா என்று பார்க்க வேண்டும். குதிரை தானாக விலகி, ஜாக்கி உடனே இழுத்து நேராக்க முயன்றிருந்தால் இடத்தைக் குறைத்துவிட்டு ஜாக்கியைச் சும்மா விடலாம். விலகும் பக்கத்திலேயே மேலும் விரட்டியிருந்தால் தடை போடலாம். சாயெஸ் விஷயத்தில் நான் ஸ்டூவர்டுகள் பக்கம். படத்தைப் பலமுறை பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது, முதல் விலகல் குதிரையுடையது, அதை அடக்கியதில் சாயெஸ் சுறுசுறுப்பாக இல்லை. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. கென்டக்கி விதிப்படி ஓட்டத்தில் நடந்த குறுக்கீட்டுக்காக இடத்தைக் குறைக்கும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஜாக்கிக்கு போட்ட தடைக்கு உண்டு. குதிரைக்காரர்கள் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனார்கள், அங்கும் 2019 நவம்பரில் வழக்கு தள்ளுபடி, 2020இல் மேல் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அன்று மாலை தலைமை ஸ்டூவர்டு ஒரு அறிக்கையைப் படித்தார், பத்திரிகையாளர்களின் கேள்விகளை ஏற்காமல் போய்விட்டார். முடிவு சரியாகவே இருக்கட்டும். காரணத்தை விளக்க மாட்டேன் என்றால் தோற்றவன் அதை எப்படி நியாயம் என்று ஏற்றுக்கொள்வான்? ஹாங்காங்கில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் எந்தக் குதிரை எங்கே இடிபட்டது, எந்த ஜாக்கியிடம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்று விரிவான அறிக்கை வெளியிடுகிறார்கள். படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் தடை வாங்கிய ஜாக்கிக்கும் அவனைத் திட்டுகிறவனுக்கும் ஒரே காகிதம் கையில் இருக்கிறது.

இதே சம்பவம் வேறு நாட்டில் நடந்திருந்தால் முடிவே மாறியிருக்கலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் எல்லாம் கேட்கும் கேள்வி: இடிபட்ட குதிரை, இடிபடாமல் இருந்திருந்தால் இடித்த குதிரைக்கு முன்னால் வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் இடம் மாறாது, ஜாக்கி மட்டும் தண்டனை வாங்குவார். அமெரிக்காவில் கேட்பது: இடிபட்ட குதிரைக்கு ஏதாவது ஒரு நல்ல இடம் போனதா? போனது என்றால் இடித்தது அதற்குப் பின்னால். ஜப்பானும் முன்பு இந்த மாதிரி வழியில்தான் இருந்தது. 2010 ஜப்பான் கப்பில் பியூனா விஸ்டா என்ற பெண் குதிரை கிறிஸ்டோஃப் சூமியோன் சவாரியில் தெளிவாக முன்னால் வந்தும், குறுக்கே போனதற்காக இரண்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டது. ரோஸ் கிங்டம் வெற்றியாளர் ஆனது. 2013இல் ஜப்பான் விதியை மாற்றியது. 2018இல் பிரான்சும் ஜெர்மனியும் மாறின.

இரண்டு வழிக்கும் விலை உண்டு. முதல் வழியில் சிறந்த குதிரை ஜெயிக்கிறது, ஆனால் ஜாக்கிக்கு ஒரு ஆசை பிறக்கிறது: கொஞ்சம் இடித்தாலும் பரவாயில்லை, பெரிய பந்தயத்தை வாங்கிவிட்டு சில நாள் வீட்டில் உட்காரலாம். இரண்டாம் வழியில் ஜாக்கி பயந்து ஓட்டுவான், ஆனால் சில நேரம் தகுதியில்லாத குதிரைக்குக் கோப்பை போகும். முதல் வழியை வைத்துக்கொண்டு, பெரிய பந்தயத்தில் செய்த குறுக்கீட்டுக்குத் தடையைக் கூட்டுவது நல்லது என்பது என் கட்சி.

சாட்டை விஷயத்தில் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் அது தனிப் புராணம். 2011 அக்டோபரில் பிரிட்டனில் புது விதி வந்தது: சமதளப் பந்தயத்தில் (வேலி தாண்டாதது) 7 சாட்டையடி, அதிலும் கடைசி ஃபர்லாங்கில், அதாவது கடைசி 200 மீட்டரில், 5க்கு மேல் கூடாது. அக்டோபர் 15 அன்று அஸ்காட்டில் சாம்பியன் ஸ்டேக்ஸை சிரஸ் தே ஸேக்லில் ஜெயித்தவர், மறுபடியும் அதே சூமியோன். கடைசி ஃபர்லாங்கில் ஒரே ஒரு அடி கூடிவிட்டது. 5 நாள் தடை, 50,000 பவுண்டுக்கு மேல் தன் பங்குப் பரிசுப் பணம் போச்சு. ஒரு வாரத்துக்குள் அந்தக் கடைசி ஃபர்லாங் விதியையே எடுத்துவிட்டார்கள். விதி போட்டவர் தவறு, அனுபவித்தவர் ஜாக்கி. அந்தப் பந்தயத்தில் குதிரையின் வெற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். குதிரைக்காரருக்குக் கோப்பை, பணம் கட்டியவருக்குப் பணம், அடி கணக்கு மட்டும் ஜாக்கி தலையில். 2023இல் வந்த மாற்றத்தில் வரம்பு 6 அடி, அதற்கு மேல் 4 அடி கூடினால் குதிரையே தகுதி நீக்கம். ஜாக்கிகளுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. "எப்படியாவது ஜெயிச்சிட்டு வா" என்று காதில் சொல்லி அனுப்புகிறவருக்கும் இப்போது நஷ்டம் உண்டு.

இனி கேலரியின் "புடிச்சிட்டான்". இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது கீரன் ஃபாலன். 2004 மார்ச்சில் லிங்ஃபீல்டில் பாலிஞ்சர் ரிட்ஜ் என்ற குதிரையில் சுமார் 10 லெங்த் முன்னால் போய்விட்டு, திரும்பிப் பார்த்து, கையைத் தளர்த்தினார். பின்னால் வந்த ரை என்ற குதிரை கோட்டில் பிடித்துவிட்டது. பார்ப்பதற்கு இதைவிட மோசமான சவாரி இருக்க முடியாது. கடைசிவரை விரட்டாததற்கு 21 நாள் தடை கொடுத்தார்கள். சரியான தண்டனை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பல பந்தயங்களைத் திட்டமிட்டுத் தோற்றதாக அவர்மீதும் வேறு சிலர்மீதும் சதிவழக்கு. 2007 அக்டோபரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. தொடங்குவதற்கு முந்தைய நாள் அவர் பாரிஸில் டிலன் தாமஸ் குதிரையில், ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களில் ஒன்றான ஆர்க்கை ஜெயித்திருந்தார். அதிலும் ஒரு நீண்ட குறுக்கீட்டு விசாரணை! மனுஷனுக்கு விசாரணை ராசி.

அரசுத் தரப்பின் நிபுணர் சாட்சி ஆஸ்திரேலியாவின் மூத்த ஸ்டூவர்டு ஒருவர். படங்களைப் பார்த்து எந்தச் சவாரி சந்தேகத்துக்குரியது என்று சொல்ல வந்தவர். குறுக்கு விசாரணையில், பிரிட்டிஷ் பந்தய விதிகளிலும் வழக்கங்களிலும் தான் நிபுணர் இல்லை என்று ஒப்புக்கொண்டார். சந்தேகத்துக்குரியவை என்று சொல்லப்பட்ட பந்தயங்களில் ஃபாலன் வெற்றி பெற்ற விகிதம் 29.4 சதவீதம் என்றும் தெரியவந்தது. அவருடைய வழக்கமான விகிதம் சுமார் 19. தோற்பதற்குக் காசு வாங்கியவன் வழக்கத்தைவிட அதிகம் ஜெயித்திருக்கிறான்! டிசம்பர் 7 அன்று, பதில் சொல்ல வேண்டிய வழக்கே இல்லை என்று நீதிபதி எல்லோரையும் விடுவித்தார்.

ஒரு அனுபவசாலி ஸ்டூவர்டே, தனக்குப் பழக்கமில்லாத மண்ணில், படத்தை மட்டும் பார்த்து ஜாக்கியின் மனதைப் படிக்கப் போய் வழுக்கிவிட்டார். கேலரியில் 200 ரூபாய் தோற்றவன் எம்மாத்திரம்? கையைத் தளர்த்தியது கண்ணுக்குத் தெரியும், அதற்குத் தண்டனை கொடுக்கலாம். ஏன் தளர்த்தினான் என்பது படத்தில் இல்லை.

கடைசியாக, தவறா இல்லையா என்றே சொல்ல முடியாத சவாரிகள். ஜெனியாட்டா என்ற பெண் குதிரை எப்போதுமே கடைசியில் ஓடிவந்து நேர்பாதையில் எல்லோரையும் விழுங்கும். அமெரிக்காவின் பெரிய பந்தயமான பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் 2009இல் ஜாக்கி மைக் ஸ்மித் அப்படித்தான் பின்னால் இருந்து வந்து ஜெயித்தார். என்ன பொறுமை, என்ன நிதானம் என்றார்கள். 2010இல் சர்ச்சில் டவுன்ஸில் மறுபடியும் அதே பந்தயம். அதுவரை 19 ஓட்டம், 19 வெற்றி. இந்தத் தடவையும் கடைசியில். மண்பாதை, முகத்தில் மண் வந்து அடிக்கிறது, முதல் பாதியில் கூட்டத்தைவிட்டே பிரிந்து வெகு பின்னால். கடைசியில் பாய்ந்து வந்தும் பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோல்வி. "ரொம்ப லேட்டாக விட்டான்" என்றார்கள். ஸ்மித் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து அழுதார், தோல்வி தன் தவறுதான் என்று தானே சொன்னார். ஒரே பாணி. ஒரு வருடம் பொறுமை, அடுத்த வருடம் தாமதம். நடுவில் இருந்தது ஒரு குதிரைத் தலை.

இதற்காக நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய பந்தயங்களின் ரீப்ளே பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டு, கடைசி 200 மீட்டர் வருவதற்கு முன்பே படத்தை நிறுத்திவிடுவேன். யார் ஜெயித்தார் என்பது எனக்குத் தெரியாது என்று பாவனை செய்துகொண்டு, இதுவரை ஜாக்கி எடுத்த ஒவ்வொரு முடிவையும் அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்ததை வைத்து மட்டும் பார்ப்பேன். முழுக்க மறந்துவிட முடியாதுதான், ஆனாலும் பார்வை மாறுகிறது. ஸ்மித்தின் 2010 சவாரியை அப்படிப் பார்த்தபோது, பழக்கமில்லாத பாதையில் தடுமாறும் குதிரையை அவசரப்படுத்தாமல் விட்டதில் எனக்குக் குற்றம் எதுவும் சிக்கவில்லை. 1979 பெல்மாண்டையும் அப்படியே பார்த்தேன், ஃபிராங்க்ளினுக்கு ஏதாவது சமாதானம் கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. எங்கே நிறுத்தினாலும் பையன் அவசரப்பட்டுத்தான் போகிறான்.